சென்னை ஓப்பன் டென்னிஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்டு தவறாமல் நடந்த ஆடவர் டென்னிஸ் போட்டியைப் பற்றி ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே. பெயர் பலமுறை மாறியது, மாதம் மாறியது, ஊரும் மாறியது. அதனால்தான் வெவ்வேறு இடங்களில் பார்க்கும் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இதன் வரலாற்றைச் சரியாகப் படிக்க ஒரே வழி, மூன்று விஷயங்களைக் கலக்காமல் பார்ப்பது: போட்டி நடத்தும் உரிமம் யார் கையில் இருந்தது, காலண்டரில் எந்த வாரம் கிடைத்தது, எந்த ஊரில் ஆடினார்கள். இந்தப் போட்டி வளர்ந்ததற்கும் ஊரை விட்டுப் போனதற்கும் காரணம் இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது.

முதல் போட்டி எப்போது, எங்கே நடந்தது?

1996 ஏப்ரலில், புதுடெல்லியில், இந்தியா ஓப்பன் என்ற பெயரில். சுவீடனின் தாமஸ் என்க்விஸ்ட் இறுதிப் போட்டியில் ஜிம்பாப்வேயின் பைரன் பிளாக்கை வென்றார். மறு ஆண்டே போட்டி சென்னைக்கு வந்துவிட்டது. எனவே "1996 சென்னை ஓப்பன் சாம்பியன்" என்று யாரும் கிடையாது. உரிமத்தின் வரலாறு 1996-இல் தொடங்குகிறது, சென்னையின் வரலாறு 1997-இல்.

சென்னைக்கு ஏன் வந்தது?

ஆடத் தயாரான அரங்கம் இங்கே இருந்தது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடந்தபோது, அவற்றுக்காக நுங்கம்பாக்கம் ஏரிப்பகுதியில் டென்னிஸ் அரங்கம் கட்டப்பட்டது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்குச் சொந்தமான அரங்கம் அது. சில ஆயிரம் பேர் உட்காரும் மைய ஆடுகளமும் பக்கத்திலேயே துணை ஆடுகளங்களும் ஒரே வளாகத்தில் அமைந்திருந்தன. தொழில்முறைப் போட்டி நடத்துகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். மைய ஆடுகளம் மட்டும் இருந்து, பயிற்சிக்கு ஊரின் இன்னொரு மூலைக்குப் போக வேண்டியிருந்தால் வீரர்கள் முகம் சுளிப்பார்கள். இதோடு ராமநாதன் கிருஷ்ணன், ரமேஷ் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ் என்று தலைமுறைகளாக வீரர்களைத் தந்த ஊர், ஆட்டம் புரிந்து கை தட்டும் கூட்டம் உள்ள ஊர் என்பதும் சேர்ந்துகொண்டது.

கோல்ட் பிளேக் ஓப்பன், டாட்டா ஓப்பன், ஏர்செல் ஓப்பன் எல்லாம் வேறு வேறு போட்டிகளா?

எல்லாம் ஒன்றே. முதல் ஆண்டுகளில் ஸ்பான்சரின் பெயரில் கோல்ட் பிளேக் ஓப்பன். 2002 முதல் 2004 வரை டாட்டா ஓப்பன். 2005-இலிருந்து சென்னை ஓப்பன். 2010-களில் அதற்கு முன்னால் ஏர்செல் ஒட்டிக்கொண்டது. பழைய பத்திரிகைகளில் தேடும்போது அந்தந்த ஆண்டின் ஸ்பான்சர் பெயரைப் போட்டுத் தேடினால்தான் செய்தி கிடைக்கும். 1998 ராஃப்டர் வெற்றியை "சென்னை ஓப்பன்" என்று தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

தர வகையின் பெயரும் மாறியது. 1990-களில் வேர்ல்ட் சீரிஸ், 2000 முதல் 2008 வரை இன்டர்நேஷனல் சீரிஸ், 2009-இலிருந்து ஏடிபி (ஆடவர் தொழில்முறை டென்னிஸ் சுற்றை நடத்தும் அமைப்பு) 250. பெயர் மாறினாலும் படிநிலை ஒன்றுதான்: ஏடிபி சுற்றின் முதன்மைப் போட்டிகளில் அடிப்படைத் தட்டு. இதற்கு மேலே 500, மாஸ்டர்ஸ் 1000, பிறகு கிராண்ட் ஸ்லாம்.

ஏப்ரலில் நடந்தது ஜனவரிக்குப் போனதால் என்ன மாறியது?

எல்லாமே மாறியது எனலாம். ஏப்ரல் என்பது ஐரோப்பாவில் களிமண் ஆடுகளப் போட்டிகள் தொடங்கும் மாதம். பிரெஞ்சு ஓப்பனைக் குறிவைக்கும் வீரர் அந்த நேரத்தில் ஹார்டு கோர்ட்டில் (கடினத் தள ஆடுகளத்தில்) ஆட ஆசியாவுக்கு வருவதில் அவருக்கு லாபம் குறைவு. போதாக்குறைக்குச் சென்னையின் ஏப்ரல் வெயில். அப்படியும் 1998-இல், அமெரிக்க ஓப்பன் சாம்பியனாக இருந்த பாட்ரிக் ராஃப்டர் வந்து, வென்று போனார்.

2000-களின் தொடக்கத்தில் போட்டி ஜனவரி முதல் வாரத்தில் நிலைபெற்றது. சீசனின் முதல் வாரம் அது. ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு இரண்டு வாரம்தான் இருக்கும், அதுவும் ஹார்டு கோர்ட். ஓய்வு முடிந்து உடலைப் பரிசோதித்துப் பார்க்க எல்லாருக்குமே ஒரு போட்டி தேவைப்படும் நேரம். மார்கழிக் குளிரில் சென்னை மாலையும் இதமாக இருக்கும். நுங்கம்பாக்கத்தில் உலகின் முன்னணி வீரர்களைப் பார்க்க முடிந்ததற்கு இந்த ஒரு வாரமே முதல் காரணம்.

சில இடங்களில் ஒரே போட்டிக்கு இரண்டு ஆண்டுகள் குறிப்பிடப்படுகின்றனவே?

திங்கட்கிழமை எந்தத் தேதியில் விழுகிறது என்பதால் வரும் குழப்பம். 2008 போட்டி 2007 டிசம்பர் 31 அன்று தொடங்கியது. 2013 போட்டியும் அப்படியே 2012 டிசம்பர் 31-இல். 2014 போட்டி 2013 டிசம்பர் 30-இல். கணக்கு எப்போதும் சீசனுக்குத்தான், அதாவது இறுதிப் போட்டி நடந்த ஆண்டுக்கு. டிசம்பர் 31 அன்று நடந்த முதல் சுற்று ஆட்டமும் புதிய சீசனின் ஆட்டம்தான்.

சென்னையில் ஒற்றையர் பட்டம் வென்றவர்கள் யார் யார்?

1997 – மிகேல் டில்ஸ்ட்ரோம்
1998 – பாட்ரிக் ராஃப்டர்
1999 – பைரன் பிளாக்
2000 – ஜெரோம் கோல்மார்
2001 – மிகால் தபாரா
2002 – கில்லெர்மோ கானியாஸ்
2003 – பாரடோர்ன் ஸ்ரீசபன்
2004, 2005 – கார்லோஸ் மோயா
2006 – இவான் லூபிசிச்
2007 – சேவியர் மலிஸ்
2008 – மிகைல் யூஸ்னி
2009, 2010 – மரின் சிலிச்
2011 – ஸ்டான் வாவ்ரிங்கா
2012 – மிலோஸ் ராவ்னிச்
2013 – யான்கோ டிப்சாரெவிச்
2014, 2015, 2016 – ஸ்டான் வாவ்ரிங்கா
2017 – ராபர்டோ பாடிஸ்டா அகுட்

21 போட்டிகள், 16 சாம்பியன்கள். டெல்லி இறுதியில் தோற்ற பைரன் பிளாக் மூன்று ஆண்டுகள் கழித்துச் சென்னையில் பட்டத்தை எடுத்தார். 2001-இல் தம்பி வேன் பிளாக்குடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார்.

அதிகப் பட்டங்கள் யாருக்கு?

ஒற்றையரில் வாவ்ரிங்கா, நான்கு முறை. 2010 இறுதியில் சிலிச்சிடம் இரண்டு செட்டையும் டைபிரேக்கில் (6-6 ஆனதும் செட்டை முடிக்கும் புள்ளி ஆட்டம்) இழந்தவர், அடுத்த ஆண்டே மலிஸை 7-5, 4-6, 6-1 என்று வென்றார். பிறகு ரோஜர்-வாசலின், பெடேன், சோரிச் ஆகிய மூவரையும் இறுதியில் ஒரு செட் கூடக் கொடுக்காமல் அடுத்தடுத்து வீழ்த்தினார். 2014-இல் நுங்கம்பாக்கத்தில் கோப்பையைத் தூக்கிய அதே மாதத்தில், மெல்போர்னில் நடாலை வென்று தன் முதல் கிராண்ட் ஸ்லாமையும் தூக்கினார். ஜனவரி வாரத்தின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஆனால் இந்தப் போட்டியோடு மிகவும் ஒட்டியிருந்தவர்கள் என்று பார்த்தால் 2000-களின் மோயாவும் ஸ்ரீசபனும்தான். தாய்லாந்தின் ஸ்ரீசபன் 2002 முதல் 2005 வரை தொடர்ந்து நான்கு இறுதிப் போட்டிகள் ஆடினார். வென்றது ஒன்று. 2004, 2005 இரண்டிலும் மோயாவிடம் மூன்றாவது செட் டைபிரேக்கில் தோற்றார். இரண்டு புள்ளிகள் இங்கும் அங்கும் விழுந்திருந்தால் பட்டியலே வேறு மாதிரி இருந்திருக்கும். 2005 போட்டி, சுனாமி வந்து எட்டே நாளில் தொடங்கியது. மோயா தன் பரிசுத் தொகையைச் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார். சென்னை ரசிகர்கள் அவரைச் சொந்த ஊர்க்காரர் போலக் கொண்டாடியதில் அதற்கும் பங்கு உண்டு.

நடால் சென்னையில் ஒற்றையர் பட்டம் வென்றதே இல்லையா?

இல்லை. நடாலின் சென்னைப் பட்டம் இரட்டையரில்தான் உள்ளது: 2004, டாமி ராப்ரெடோவுடன், 17 வயதில். ஒற்றையரில் 2007 அரையிறுதியில் மலிஸிடம் நேர் செட்களில் தோற்றார். அந்த ஆண்டு மலிஸ் ஒற்றையர் பட்டத்தோடு, டிக் நார்மனுடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தையும் அள்ளிக்கொண்டு போனார். அந்த இரட்டையர் இறுதியில் எதிரே நின்ற ஜோடியிலும் நடால் இருந்தார்.

2008-தான் மறக்க முடியாத ஆண்டு. அரையிறுதியில் நடாலும் மோயாவும். இருவரும் மயோர்கா தீவுக்காரர்கள், நெருங்கிய நண்பர்கள். 6-7, 7-6, 7-6. மூன்று செட்டும் டைபிரேக், 3 மணி 54 நிமிடம். மூன்று செட் ஆட்டம் இவ்வளவு நீள்வது மிக அபூர்வம். நடால் மேட்ச் பாயின்ட்களைத் தடுத்து நிறுத்தி வென்றார். ஆனால் மறுநாள் இறுதியில் கால் நகரவில்லை. யூஸ்னி 6-0, 6-1 என்று முடித்துவிட்டார். ஸ்கோரை மட்டும் பார்ப்பவர்கள் யூஸ்னி நடாலை நசுக்கினார் என்று எழுதுகிறார்கள். முந்தைய இரவைச் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஸ்கோர் புரியும். 250 போட்டிகளில் அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவே ஓய்வு நாள் கிடையாது. மாலையில் தொடங்கும் அரையிறுதி நீண்டால், அதன் விலையை இறுதிப் போட்டியில் கொடுக்க வேண்டியதுதான்.

இந்தியர் யாராவது ஒற்றையர் இறுதிக்கு வந்தார்களா?

ஒரே ஒருவர், 2009-இல் சோம்தேவ் தேவ்வர்மன். தரவரிசையில் 200-க்கு வெளியே இருந்தார், வைல்ட் கார்டில் (போட்டி நடத்துபவர் தரும் நேரடி இடம்) உள்ளே வந்தார். முன்னாள் சாம்பியன் மோயாவை வென்றார், கார்லோவிச்சின் சர்வீஸைத் தாண்டினார். அரையிறுதியில் ரெய்னர் ஷூட்லர் காயத்தால் விலகியதால் ஆடாமலே இறுதிக்குப் போனார். அங்கே சிலிச் 6-4, 7-6 என்று வென்றார். வாக்ஓவரில் வந்த இறுதி என்று இதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. மோயாவையும் கார்லோவிச்சையும் ஒரே வாரத்தில் வெல்வது சாதாரண வேலையா?

2014-இல் அதே சோம்தேவை, சென்னையின் இளம் வீரர் ராம்குமார் ராமநாதன் தோற்கடித்தார். உள்ளூரில் ஒரு ஏடிபி போட்டி இருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. போட்டி நடத்துபவர் கையில் இருக்கும் மூன்று வைல்ட் கார்டுகள், தரவரிசை போதாத இளைஞருக்குப் பெரிய மேடையில் ஏற ஒரு வாசல். போட்டி போனால் அந்த வாசலும் மூடிவிடும்.

இரட்டையரில் இந்தியர்களின் கணக்கு என்ன?

சென்னை ஓப்பனின் உண்மையான இந்தியக் கதை இரட்டையர் ஆட்டத்தில்தான் இருக்கிறது. லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி ஜோடியின் முதல் ஏடிபி பட்டமே 1997-இல் இங்கே வந்ததுதான். 1998, 1999 என்று தொடர்ந்து மூன்று. பிறகு 2002. பிரிந்து, மனக்கசப்பெல்லாம் கடந்து மீண்டும் சேர்ந்து 2011-இல் ஐந்தாவது. 2012-இல் டிப்சாரெவிச்சுடன் இன்னொன்று வென்றதால் பயஸ் கணக்கில் ஆறு. அந்த 2012 வாரத்தில் டிப்சாரெவிச் ஒற்றையர் இறுதியிலும் ஆடினார். ராவ்னிச்சிடம் 6-7, 7-6, 7-6 என்று தோற்றார். ராவ்னிச் அந்த வாரம் முழுவதும் ஒரு சர்வீஸ் கேமைக் கூட இழக்கவில்லை.

ரோகன் போபண்ணா 2006 இறுதியில் பிரகாஷ் அமிர்தராஜுடன் ஜோடி சேர்ந்து ஆடித் தோற்றவர். 2017-இல் சென்னைக்காரர் ஜீவன் நெடுஞ்செழியனுடன் வென்றார். எதிரே பூரவ் ராஜா, திவிஜ் சரண். ஆடுகளத்தில் நின்ற நால்வரும் இந்தியர்கள். நுங்கம்பாக்கத்தின் கடைசி ஏடிபி இரட்டையர் இறுதியாக அது அமையும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு ஒற்றையர் இறுதியில் பாடிஸ்டா அகுட்டிடம் தோற்றவர் 20 வயது டேனில் மெத்வதேவ். அவருடைய முதல் ஏடிபி இறுதி அது.

டிரா எப்படி இருக்கும்? பட்டம் வெல்ல எத்தனை ஆட்டங்கள்?

பிந்தைய ஆண்டுகளில் ஒற்றையர் டிரா (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை) 28 பேர் கொண்டது. முதல் நான்கு தரவரிசை வீரர்களுக்கு முதல் சுற்றில் "பை", அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. மீதி 24 பேர் 12 ஆட்டங்கள் ஆடி, வென்ற 12 பேரும் பை பெற்ற நால்வரும் சேர்ந்து 16. பை கிடைத்தவர் நான்கு ஆட்டங்கள் வென்றால் பட்டம், கிடைக்காதவர் ஐந்து வெல்ல வேண்டும். முன்பு 32 பேர் டிராவாக இருந்தபோது எல்லாருக்கும் ஐந்து. பழைய சாம்பியன்களையும் புதியவர்களையும் "எத்தனை ஆட்டம் வென்றார்" என்று ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

28 இடங்களில் நான்கு தகுதிச் சுற்றில் வருபவர்களுக்கு, மூன்று வைல்ட் கார்டு. மற்றவை தரவரிசைப்படி. நுழைவுக்குப் பார்க்கும் தரவரிசை போட்டிக்குப் பல வாரங்களுக்கு முந்தையது. ஜனவரி போட்டி என்பதால் நவம்பர் தரவரிசையே கணக்கு. நவம்பரில் பெயர் கொடுத்தவர் டிசம்பர் பயிற்சியில் காயம்பட்டு விலகுவது இந்த வாரத்துப் போட்டிகளில் வழக்கமாக நடப்பது. டிரா போட்ட பிறகு ஒருவர் விலகினால், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களிலிருந்து ஒருவர் "லக்கி லூசர்" என்று உள்ளே வருவார்.

இரட்டையரில் 16 ஜோடிகள், 15 ஆட்டங்கள். 2006 முதல் ஏடிபி இரட்டையரில் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக். டியூஸ் (40-40) வந்தால் அட்வான்டேஜ் இல்லாமல் அடுத்த புள்ளியிலேயே கேம் முடியும். 1999 பயஸ்–பூபதி ஸ்கோரும் 2011 ஸ்கோரும் வேறு மாதிரி தெரிவதற்கு இதுவே காரணம்.

எத்தனை தரவரிசைப் புள்ளிகள் கிடைத்தன?

2009 முதல் 2017 வரை சாம்பியனுக்கு 250, இறுதியில் தோற்றவருக்கு 150, அரையிறுதிக்கு 90, காலிறுதிக்கு 45, இரண்டாம் சுற்றுக்கு 20. இன்று ஏடிபி 250 போட்டிகளில் இந்த எண்கள் சற்றுக் கூடியுள்ளன (இறுதி 165, அரையிறுதி 100, காலிறுதி 50). பழைய ஆண்டுக்கு இன்றைய அட்டவணையைப் போட்டால் கணக்கு தப்பும். 2009-க்கு முன்னால் புள்ளி முறையே வேறு.

ஹார்டு கோர்ட்டை எப்படிப் போடுகிறார்கள்? சென்னையில் அதில் என்ன சிக்கல்?

அடியில் கான்கிரீட் அல்லது தார்க்கலவைத் தளம். அதன் மேல் பள்ளங்களை நிரப்பும் அக்ரிலிக் பூச்சு. வேண்டுமானால் ரப்பர்த் துகள் கலந்த மெத்தைப் பூச்சு. கடைசியில் சிலிக்கா மணல் கலந்த இரண்டு மூன்று வண்ணப் பூச்சு. பந்து வேகமாகச் சறுக்குமா, பிடித்து எழும்புமா என்பதைத் தீர்மானிப்பது இந்த மணல்தான். மணல் பருமனாகவும் நிறையவும் இருந்தால் ஆடுகளம் மெதுவாகும். ஆடி ஆடி மணல் முனை மழுங்கினால், குறிப்பாகப் பேஸ்லைன் அருகே, வேகம் கூடிக்கொண்டே போகும். அதனால் பெரிய போட்டிக்கு முன் புதுப் பூச்சு கொடுப்பது வழக்கம். புதுப் பூச்சில் பந்தின் ரோமம் சீக்கிரம் பிய்ந்து உப்பும், ஆட்டம் முதல் சில நாள் மெதுவாக இருக்கும்.

தளம் மட்டமாக இருக்கக் கூடாது. மழைநீர் ஓட ஒரே திசையில் சுமார் 1 சதவீதம் சரிவு வேண்டும். சரிவு சரியாக வராத இடத்தில் தண்ணீர் தேங்கும். தண்ணீர் ஊற்றி, வெயிலில் ஒரு மணி நேரம் வடியவிட்டுப் பார்த்தால், நாணயத் தடிமனுக்கு மேல் நிற்கும் இடங்கள் பழுதானவை. அவற்றைப் பூச்சு போடும் முன்பே நிரப்ப வேண்டும்.

ஜனவரியில் போட்டி என்றால் இந்த வேலையெல்லாம் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் நடக்க வேண்டும். அது சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலம். சிக்கலே இங்குதான். புதுக் கான்கிரீட் என்றால் பூச்சுக்கு முன் 28 நாள் ஆற வேண்டும். அக்ரிலிக் பூச்சு காயும் முன் மழை பட்டால் கரைந்து ஓடும். தளம் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால், வெயில் ஏறியதும் அது ஆவியாகிப் பூச்சைத் தூக்கிக் கொப்புளமாக்கும். கொப்புளத்தை அறுத்து எடுத்து, காயவிட்டு, ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுப் போட்ட இடத்தில் பந்து கொஞ்சம் வேறு மாதிரி எழும்பும். முன்னணி வீரர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 2015 டிசம்பரில் பெருவெள்ளம், 2016 டிசம்பரில் வர்தா புயல். அதற்கடுத்த ஜனவரிகளில் போட்டி குறித்த நாளில் தொடங்கியது, பின்னால் உழைத்தவர்களால் நடந்த காரியம்.

தூறலுக்கே ஆட்டத்தை நிறுத்துகிறார்களே என்று கேட்பவர்களுக்கு: முதலில் வழுக்குவது வெள்ளைக் கோடுகள். கோட்டின் பெயின்ட் சுற்றியுள்ள பூச்சைவிட வழவழப்பாக இருக்கும். ஓடி வந்து கோட்டில் கால் வைக்கும் வீரரின் முழங்கால் அங்கே போய்விடும்.

இரவு ஆட்டத்தில் இன்னொரு மாற்றம். கடற்காற்றின் ஈரத்தைப் பந்தின் ரோமம் உறிஞ்சிக்கொள்ளும், பந்து கனத்து மெதுவாகும். பந்துகளை முதல் ஏழு கேமுக்குப் பிறகும், அதன்பின் ஒவ்வொரு ஒன்பது கேமுக்கும் மாற்றுவார்கள். சர்வீஸை நம்பி ஆடுபவருக்குப் புதுப்பந்து வரும் அந்த ஒரு கேமே பொன்னான நேரம்.

பெரிய வீரர்கள் ஏன் வந்தார்கள், ஏன் சிலர் வரவே இல்லை?

250, 500 போட்டிகளில் பரிசுத் தொகைக்கு அப்பால், வருவதற்கென்றே வீரருக்குக் கட்டணம் கொடுக்க ஏடிபி அனுமதிக்கிறது. வாரம் பொருத்தமாக இருந்து, கட்டணமும் சரியாக இருந்தால் முன்னணி வீரர் வருவார். ஆனால் அதே வாரத்தில் தோஹாவில் ஒரு போட்டி, ஆஸ்திரேலியாவிலேயே ஒரு போட்டி (முதலில் அடிலெய்ட், 2009 முதல் பிரிஸ்பேன்). பிரிஸ்பேனில் ஆடுபவருக்கு நேர வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, மெல்போர்ன் உள்நாட்டு விமானத்தில் போகும் தூரம். சென்னையில் ஞாயிறு இரவு இறுதி ஆடுபவர் நீண்ட விமானப் பயணம் முடித்து, ஐந்தரை மணி நேர வித்தியாசத்துக்கு உடலைப் பழக்க வேண்டும். பணத்தில் தோஹாவும் தூரத்தில் பிரிஸ்பேனும் நெருக்கியபோது சென்னை ஒவ்வோர் ஆண்டும் போராடித்தான் நல்ல டிராவைப் பெற்றது. நல்ல வாரம் என்பதே போட்டியாளர்களையும் கூட்டி வந்த வாரமாக இருந்தது.

போட்டி சென்னையை விட்டுப் போனது யார் முடிவு?

ஏடிபி போட்டி ஊருக்குச் சொந்தமில்லை. உரிமம் வைத்திருப்பவருக்குச் சொந்தம். இங்கே அது ஐஎம்ஜி என்ற விளையாட்டு மேலாண்மை நிறுவனம். தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் போட்டியை நடத்தியது, அரங்கம் அரசுடையது, நிதியில் பெரும்பங்கு ஸ்பான்சரிடமிருந்து. 2017-இல் மகாராஷ்டிரத்துடன் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் செய்து, 2018 முதல் போட்டி புனேக்குப் போகும் என்று உரிமதாரர் அறிவித்தபோது, சென்னையால் தடுக்க வழியில்லை. 21 ஆண்டு பாசமோ, நிரம்பிய அரங்கமோ ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இல்லை. ரசிகர்களுக்கு இது துரோகம் போலத் தோன்றியது இயல்பு. ஆனால் டெல்லியிலிருந்து 1997-இல் இதே வழியில்தான் போட்டி நம்மிடம் வந்தது.

புனேக்குப் போன பிறகு என்ன ஆயிற்று?

பாலேவாடி அரங்கத்தில் மகாராஷ்டிரா ஓப்பன் என்ற பெயரில் ஐந்து போட்டிகள் நடந்தன. 2018 கில்ஸ் சைமன், 2019 கெவின் ஆண்டர்சன், 2020 ஜிரி வெஸ்லி, 2022 ஜோவ் சூசா, 2023 டாலன் கிரீக்ஸ்பூர். 2021-இல் கொரோனாவால் நடக்கவில்லை. 2019 இறுதியில் ஆண்டர்சனை மூன்று டைபிரேக் வரை இழுத்தவர் 39 வயதுக் கார்லோவிச். இரட்டையரில் போபண்ணா 2019-இல் திவிஜ் சரணுடனும், 2022-இல் ராம்குமாருடனும் வென்றார்.

2020-இல் ஏடிபி கோப்பை என்ற நாட்டு அணிகளின் போட்டி ஆஸ்திரேலியாவில் தொடங்கியதும் ஜனவரி முதல் வாரம் பறிபோய், புனே போட்டி அந்த ஆண்டும் 2022-இலும் பிப்ரவரிக்குத் தள்ளப்பட்டது. ஆஸ்திரேலிய ஓப்பன் முடிந்த பிறகு வரும் போட்டிக்கு முன்னணி வீரர் வர என்ன அவசியம்? 2023-இல் ஜனவரி வாரம் திரும்பக் கிடைத்தது, ஆனால் அதுவே கடைசி. 2024 ஜனவரியில் அந்த வாரம் ஹாங்காங்குக்குப் போனது.

இப்போது நடக்கும் "சென்னை ஓப்பன்" பழைய போட்டியின் தொடர்ச்சியா?

இல்லை. 2022 செப்டம்பரில் நடந்தது மகளிருக்கான டபிள்யூடிஏ 250 போட்டி. செக் குடியரசின் லிண்டா ஃபுருவிர்தோவா வென்றார். 2025-இல் அது மீண்டும் நடந்தபோது இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென் வென்றார். அரங்கம் அதே நுங்கம்பாக்கம்தான், உரிமமும் சுற்றும் வேறு.

ஆடவருக்கு இப்போது சென்னையில் நடப்பது ஏடிபி சேலஞ்சர், 250-க்கு ஒரு தட்டு கீழே. அதைச் சிறிதாக நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் சுமித் நாகல் இதை வென்றுதான் உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் நுழைந்தார்.

பழைய முடிவுகளைச் சரிபார்க்க என்ன செய்ய வேண்டும்?

ஏடிபி தளத்தின் முடிவுகள் காப்பகத்தில் ஆண்டைத் தேர்ந்தெடுத்து, போட்டியின் பெயரை விட்டுவிட்டு ஊரின் பெயரில் தேடுங்கள். டிராவைத் திறந்து தொடக்கத் தேதியையும், 28 பேரா 32 பேரா என்பதையும் பாருங்கள். வீரரின் சாதனையை எண்ணும்போது சென்னையை மட்டும் எண்ணுகிறீர்களா, டெல்லியையும் புனேயையும் சேர்த்தா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரட்டையரில் பயஸின் ஆறு பட்டங்கள் முழுக்கச் சென்னையில் வந்தவை. போபண்ணாவுக்குச் சென்னையில் ஒன்று, உரிமத்தின் கணக்கில் மூன்று. ஆட்டம் முடியாமல் விலகியதையும், வாக்ஓவரையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: வாக்ஓவர் வெற்றி தோல்விக் கணக்கில் சேராது, ஆட்டத்தின் நடுவில் விலகியது சேரும். 2009-இல் சோம்தேவின் வெற்றிகளை எண்ணும்போது அரையிறுதியை விட்டுவிட வேண்டும்.